ஒரு சுரங்க மலையைப் படிப்பது எப்படி? ஹார்ட்ஸ் மலையின் ஆயிரம் ஆண்டுகள்

ஐரோப்பாவின் சுரங்கப் பகுதிகளைப் பற்றி யார் பேசினாலும் கதை பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடும். ஆதியில் அடர்காடு இருந்தது, நீராவி எந்திரம் வந்தது, காடு அழிந்தது, பிறகு சுரங்கத்தை மூடினார்கள், பச்சை திரும்பிவிட்டது. கேட்க எளிதான கதை. ஆனால் இதில் ஏறக்குறைய ஒவ்வொரு படியும் பிசகு. நீராவி எந்திரத்துக்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே காடு வெட்டப்பட்டது. நடுவில் ஒருமுறை தானாகவே திரும்பியும் வந்தது. இன்று சுற்றுலாப் படங்களில் 'இயற்கை' என்று நாம் ரசிக்கும் பச்சையில் பெரும்பகுதி, சுரங்கத்துக்காக மனிதர் நட்டது.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் நடுவே, வடக்குச் சமவெளியை ஒட்டி எழும் ஹார்ட்ஸ் மலை. அதன் உச்சியான புரோக்கன் 1,141 மீட்டர்தான். நம் கொடைக்கானலைவிட உயரம் குறைவு. அதன் அடிவாரத்துக் கோஸ்லார் நகரை ஒட்டிய ராம்மெல்ஸ்பெர்க் சுரங்கம், 968-ஐ ஒட்டிய எழுத்துச் சான்றிலிருந்து கணக்கிட்டாலே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இயங்கி, 1988-ல்தான் மூடப்பட்டது. வெள்ளி, ஈயம், செம்பு, துத்தநாகம் எல்லாம் இந்த மலை கொடுத்தவை.

சுவரைச் சுரண்டினால் தெரிவது

எழுத்தில் இல்லாத காலத்தைப் பற்றி எப்படிப் பேச முடியும்? பழைய வீட்டுச் சுவரை நினைத்துப் பாருங்கள். மேலே டிஸ்டெம்பர், சுரண்டினால் நீலம் கலந்த சுண்ணாம்பு, அதற்கும் கீழே மஞ்சள், கடைசியில் வெறும் வெள்ளை. இது பெரியம்மா கல்யாணத்துக்கு அடித்தது, அது தாத்தா காலத்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். எந்தக் கணக்கு நோட்டிலும் எழுதாத வரலாறு அந்த அடுக்குகளில் இருக்கிறது.

ஹார்ட்ஸ் மலையின் உயரப் பகுதிகளில் இப்படி அடுக்கு சேரும் இடங்கள் உண்டு. அவை பீட் சதுப்புகள். நீர் தேங்கிய குளிர்நிலத்தில் செத்த பாசி, காற்று படாததால் முழுதும் மட்காமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கரும்பழுப்பாகச் சேர்வதுதான் பீட். பள்ளிப் புத்தகத்தில் 'முற்றா நிலக்கரி' என்று படித்திருப்போம். தோராயமாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கி எடுத்தால் ஆயிரம் ஆண்டுகள் கையில் வந்துவிடும்.

அந்த அடுக்குகளில் என்ன கிடக்கிறது? முதலாவது, காற்றில் வந்து விழுந்த மகரந்தம். ஒவ்வொரு மரத்தின் மகரந்தத் துகளுக்கும் தனி வடிவம். அதன் வெளித்தோல் அவ்வளவு எளிதில் அழியாது. துகள்களை நுண்ணோக்கியில் எண்ணி, எந்தக் காலத்தில் எந்தச் செடி எவ்வளவு இருந்தது என்று கணிப்பதை மகரந்தப் பகுப்பாய்வு என்கிறார்கள். சுவீடன் நாட்டு நிலவியலாளர் லென்னார்ட் ஃபோன் போஸ்ட் 1916-ல் இதை ஒரு முறையாகவே முன்வைத்தார். பீச் என்ற அகன்ற இலைக் காட்டுமரத்தின் மகரந்தம் குறைந்து பிர்ச் மரத்தின் மகரந்தம் கூடினால், காட்டை வெட்டியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். ஏனென்றால் வெட்டவெளியில் முதலில் முளைப்பது பிர்ச். கோதுமைக்கு உறவான ரை தானியத்தின் மகரந்தம் தென்பட்டால் உழவு. ஆடுமாடு மேயும் நிலத்தில் பெருகும் பிளான்டாகோ என்ற சிறு பூண்டின் மகரந்தம் தென்பட்டால் மேய்ச்சல்.

ஒரு எச்சரிக்கை வேண்டும். சில மரங்கள் மகரந்தத்தை அள்ளி இறைக்கும், சில கஞ்சத்தனம் காட்டும். கோதுமை போன்றவற்றின் மகரந்தம் வயலைத் தாண்டிப் போவதே அரிது. அதனால் எண்ணிக்கையை அப்படியே காட்டின் பரப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்றாகத் தெரிந்த வேறு சான்றுகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

சுருக்கமாக: சதுப்பு ஒரு நாட்குறிப்பு. எழுதியவர்கள் மரங்கள். மனிதர்கள் செய்ததை அந்த மரங்களின் வழியாகப் படிக்கிறோம்.

ஈயத் தூசி சொல்லும் சேதி

சதுப்பில் விழும் இரண்டாவது பொருள் உலோகத் தூசி. தாதுவை உலையில் உருக்கும்போது ஈயத்தில் கொஞ்சம் ஆவியாகிப் புகையோடு போகும். அது சதுப்பிலும் விழும், பனியிலும் விழும். கிரீன்லாந்தின் பனியைத் துளைத்து ஆராய்ந்தவர்கள், கிரேக்க ரோமானியர் காலத்திலேயே காற்றில் ஈயம் இயல்பைவிடப் பலமடங்கு கூடியிருந்ததை 1994-ல் வெளியிட்டார்கள். தொழிற்புரட்சிக்கு 1,500 ஆண்டுகளுக்கும் முந்தைய மாசு அது.

எந்த ஊர் ஈயம் என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். ஒரே தனிமத்தின் அணுக்களில் எடை மட்டும் வேறுபடும் வகைகளை ஐசோடோப்புகள் என்கிறோம். ஈயத்தின் சில ஐசோடோப்புகள் யுரேனியமும் தோரியமும் சிதைந்து காலப்போக்கில் உண்டானவை. எனவே ஒவ்வொரு தாதுப் படிவத்திலும் அவற்றின் கலப்பு விகிதம் கொஞ்சம் மாறும். ஒரே மாவு, ஒரே உப்பு என்றாலும் வீட்டுக்கு வீடு தோசையின் ருசி மாறுவதுபோல. கிரீன்லாந்து ஈயத்தின் ஒரு பகுதி ஸ்பெயினின் ரியோ டின்டோ சுரங்கப் பகுதியிலிருந்து வந்ததை இப்படித்தான் அடையாளம் கண்டார்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் சான்று இன்னொன்று. சுவிட்சர்லாந்து–இத்தாலி எல்லையில் உள்ள கொல்லே நிஃபெட்டி பனிமலையின் பனியை ஆராய்ந்து 2017-ல் வெளிவந்த முடிவு அது. 1349 முதல் 1353 வரையான அடுக்குகளில் ஈயம் கருவியால் அளக்க முடியாத அளவுக்கு விழுந்துவிட்டது. ஐரோப்பாவைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டுபோன ஆண்டுகள் அவை. சுரங்கத்தில் இறங்கவும் உலையை மூட்டவும் ஆள் இல்லை. காற்று சுத்தமானது.

சோற்றுக்கு அடுப்பு, தாதுவுக்குக் காடு

சுரங்கம் என்றதும் நம் மனதில் வருவது குழி. ஆனால் குழியின் வாய் சில மீட்டர்தான். அது விழுங்கிய நிலம் வெளியே இருக்கிறது. அரிசி இருந்தால் மட்டும் சோறு ஆகிவிடாது. உலை வைக்க விறகு வேண்டும். தாதுவும் அப்படித்தான். தாது என்பது உலோகம் வேறு பொருள்களோடு பிணைந்து கிடக்கும் கல். ஹார்ட்ஸ் மலையின் ஈயத் தாதுவில் ஈயம் கந்தகத்தோடு சேர்ந்திருக்கும். வெள்ளி அதற்குள் மிகச் சிறிய அளவில் ஒளிந்திருக்கும். முதலில் தாதுவை விறகுத் தீயில் வறுத்துக் கந்தகத்தைப் புகையாக விரட்ட வேண்டும். பிறகு மரக்கரியோடு உலையில் இட்டு உருக்க வேண்டும். அதன்பின் ஈயத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்க மறுபடி தீ. ராம்மெல்ஸ்பெர்க்கில் பாறையை உடைக்கவே தீ மூட்டினார்கள்: பாறைமுகத்தில் விறகை அடுக்கிக் கொளுத்தினால் சூட்டில் கல் வெடித்து உதிரும். வெடிமருந்து வந்த பிறகும் 19-ம் நூற்றாண்டு வரை அங்கே இந்த வழக்கம் இருந்தது.

விறகு இருக்க மரக்கரி எதற்கு? கரி அதிகச் சூடு தரும், தூக்கிப்போக எடை குறைவு, அதிலுள்ள கார்பன் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு ஹார்ட்ஸ் மலையின் கரிமூட்டத்தை விளக்கவே வேண்டாம். அடுக்கு, மூட்டம், காற்றை அடக்கி நாள்கணக்கில் புகையவிடுவது எல்லாம் அதே வேலை. அங்கே பீச் மரம், இங்கே கருவேலம். இந்த முறையில் விறகின் எடையில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் கரியாகக் கையில் வரும். மிச்சம் புகை.

மூட்டம் போட மலைச்சரிவில் வட்டமாகத் தளம் வெட்டுவார்கள். அப்படிப்பட்ட தளங்கள் ஹார்ட்ஸ் காட்டுக்குள் ஆயிரக்கணக்கில் இன்றும் தெரிகின்றன. மண்ணைக் கிளறிக் கரித்துண்டை எடுத்து, அதன் மரச் செல்களின் அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்தால் எந்த மரம் என்று தெரியும். கார்பன்–14 அளவிட்டால் எப்போது வெட்டியது என்று தெரியும். எனவே அங்கே இருந்த காடு போய்விட்டாலும் அதன் மரப் பட்டியல் அதே இடத்தில் கிடக்கிறது.

கரி நொறுங்கும் பொருள். தொலைதூரம் வண்டியில் குலுங்கினால் தூளாகிவிடும். அதனால் இடைக்காலத்தில் தாதுவைக் காட்டுக்குத் தூக்கிப்போனார்கள். ராம்மெல்ஸ்பெர்க் தாதுவை உருக்கிய கசடு மேடுகள் மேற்கு ஹார்ட்ஸ் முழுதும் சிதறிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். கசடு என்பது உலோகம் பிரிந்த பிறகு மிஞ்சும் கண்ணாடி போன்ற கழிவு. ஓரிடத்தில் மரம் தீர்ந்தால் உலை அடுத்த ஓடைக்கரைக்கு நகரும்.

இந்தச் சேதம் அக்காலத்தவருக்குத் தெரியாமல் இல்லை. போஹேமியாவின் (இன்றைய செக் நாடு) யோவாகிம்ஸ்தால் சுரங்க ஊரில் மருத்துவராக இருந்த கேயோர்க் அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூல் 1556-ல் வெளிவந்தது. சுரங்கத்தை எதிர்த்தவர்களின் வாதத்தை அவரே அதில் பதிகிறார்: காடு வெட்டப்படுகிறது, பறவையும் விலங்கும் அழிகின்றன, தாது கழுவிய நீர் ஓடைகளை நஞ்சாக்குகிறது என்று. அவர் சுரங்கத்தின் பக்கம் நின்று பதில் சொல்கிறார் என்பது வேறு. ஆனால் வழக்கு 1556-லேயே பதிவாகிவிட்டது.

சுருக்கமாக: ஒரு சுரங்கத்தின் அளவை அதன் ஆழத்தில் பார்க்கக் கூடாது, அது எரித்த காட்டின் பரப்பில் பார்க்க வேண்டும்.

இருநூறு ஆண்டு இடைவேளை

ஹார்ட்ஸ் மலையின் மேட்டுப் பகுதியில் 14-ம் நூற்றாண்டின் நடுவில் சுரங்கவேலை நின்றுபோனது. கொள்ளைநோய் ஒரு காரணம். ஆழம் போகப் போக ஊறிய நீரை இறைக்க முடியாதது இன்னொன்று. ஊர்கள் காலியாயின. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் யாரும் தொடாததால் காடு மூடிக்கொண்டது.

16-ம் நூற்றாண்டில் திரும்ப வந்தவர்கள் மரங்களுக்கு நடுவே பழைய குழிகளைக் கண்டார்கள். முன்னோர் தோண்டிக் கைவிட்ட இடத்தை ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்கள் 'கிழவர்' என்றே அழைப்பார்கள். தோண்டும்போது கிழவரைத் தொட்டுவிட்டோம் என்றால் பழைய குழிக்குள் உடைத்துவிட்டோம் என்று பொருள். ஆளைத் திரும்ப இழுக்க ஆட்சியாளர்கள் சலுகைப் பத்திரம் வெளியிட்டார்கள்: வரி இல்லை, வீடு கட்டவும் எரிக்கவும் மரம் இலவசம், மாடு மேய்க்க உரிமை. கிளவுஸ்தால், செல்லர்ஃபெல்ட், சாங்க்ட் ஆண்ட்ரியாஸ்பெர்க் முதலான ஏழு சுரங்க ஊர்கள் இப்படி எழுந்தன. வந்தவர்களில் பலர் கிழக்கு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள எர்ஸ்கெபிர்கே மலைக்காரர்கள். அவர்களுடைய பேச்சுவழக்கு ஹார்ட்ஸ் மேட்டில் தனித்தீவாக நிலைத்துவிட்டது. சுற்றியுள்ள ஊர்களின் பேச்சு வேறு.

இந்த இடைவேளையை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், நிலத்தின் கதை ஒரே சரிவில் இறங்கும் கதையாக இல்லை. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. 1500-ல் அங்கே நின்ற 'பழங்காடு' கூட, ஏற்கனவே ஒருமுறை வெட்டப்பட்ட நிலத்தில் வளர்ந்ததுதான்.

நீரை இறைக்க நீர்

இரண்டாம் முறை வந்தவர்களுக்கும் அதே தலைவலி: குழிக்குள் ஊறும் நீர். அதை இறைக்க விசை வேண்டும். அக்கம்பக்கத்தில் நிலக்கரி இல்லாத மலையில் விசை தரக்கூடியது ஓடைதான். ஓடை நீர் பெரிய சக்கரத்தைச் சுற்ற வேண்டும், சக்கரம் பம்பை இழுக்க வேண்டும், பம்பு குழியின் நீரை மேலேற்ற வேண்டும். ஆனால் ஓடை கோடையில் வற்றும், குளிர்காலத்தில் உறையும்.

இதற்குக் கண்ட தீர்வு தமிழ் வாசகருக்கு உடனே புரியும். ஏரி வெட்டினார்கள். ஒரு ஏரியின் மிகைநீர் அடுத்த ஏரிக்குப் போகும் நம் சங்கிலி ஏரிகளைப் போலவே, அடுக்கடுக்காக, கரையும் மதகும் கலிங்குமாக. கரையில் நீர் கசியாமலிருக்கப் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கினார்கள். 16 முதல் 19-ம் நூற்றாண்டு வரை கட்டியவை மொத்தம் 143 நீர்த்தேக்கங்கள், ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வாய்க்கால்கள், சுமார் 30 கிலோமீட்டர் நிலத்தடி நீர்வழிகள். வாய்க்கால்கள் மலையின் சமஉயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, மிக மெல்லிய சரிவில் வளைந்து வளைந்து போகும். ஒரே நீர் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கீழே அடுத்த சக்கரத்துக்குப் போகும். வீணடிக்க அங்கே நீர் இல்லை.

இவற்றில் பெரியது 1715 முதல் 1722 வரை கட்டிய ஓடர்டைக். 19-ம் நூற்றாண்டின் இறுதிவரை ஜெர்மனியிலேயே பெரிய அணை அதுதான். சாங்க்ட் ஆண்ட்ரியாஸ்பெர்க் சுரங்கங்களுக்காக எழுப்பியது. இன்று கோடையில் அதன் கரையில் குழந்தைகளோடு குளிக்க வரும் குடும்பங்களுக்கு அது மலை ஏரி. ஏரியைச் சுற்றிய வளைவு, அதிலிருந்து புறப்படும் வாய்க்கால், அதன் ஓரத்து நடைபாதை எல்லாமே வெள்ளிக்காக வரைந்த கோடுகள்.

ஆழமான குழிகளுக்கு இன்னொரு வழியும் கண்டார்கள்: மலையின் அடிவாரத்திலிருந்து லேசான ஏற்றத்தில் குடைந்துபோய், குழியின் நீரைத் தானாக வெளியே ஓடவிடும் வடிகால் குகை. 1864-ல் முடிந்த எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் வடிகால் இவ்வகையில் கடைசிப் பெரிய வேலை. மேல்ஹார்ட்ஸின் நீர் அமைப்பு 2010-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னத்தில் சேர்ந்தது.

சுருக்கமாக: சுரங்கம் குழியைத் தோண்டியதோடு, மலையின் ஓடைகள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் தீர்மானித்தது. நீராவி எந்திரத்துக்கு இதில் பங்கே இல்லை.

வயல் இல்லாத ஊர்கள்

மேட்டில் குளிர் அதிகம், தானியம் சரியாக விளையாது. சாப்பாடு கீழேயிருந்து ஏற வேண்டும். அடிவாரத்து ஓஸ்டரோடே ஊரில் 1719 முதல் 1722 வரை ஒரு பெரிய தானியக் களஞ்சியம் கட்டி, அங்கிருந்து மலைத் தொழிலாளர்களுக்குத் தானியம் அனுப்பினார்கள். அப்படியானால் சுற்றுவட்டச் சமவெளியின் வயல்களும் சுரங்கத்துக்கு வேலை செய்தன என்றுதான் கொள்ள வேண்டும். மேலே தொழிலாளர் குடும்பங்கள் மாடு வளர்த்தன. வைக்கோல் புல்லுக்காக ஊரைச் சுற்றிக் காட்டை விலக்கிவைத்தன. அந்தப் புல்வெளிகள் இப்போது அரிய பூக்களுக்காகப் பாதுகாக்கப்படுகின்றன. அறுப்பதை நிறுத்தினால் காடு உள்ளே வந்துவிடும்; பூ போய்விடும்.

நட்ட காடு

இனி அந்தப் பச்சைக்கு வருவோம். 18-ம் நூற்றாண்டுக்குள் மரப் பஞ்சம் பெரிய அச்சமாகிவிட்டது. ஹார்ட்ஸில் மட்டும் இல்லை. சாக்சனியின் ஃபிரைபெர்க்கில் சுரங்க நிர்வாகத்தின் மேலதிகாரியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபோன் கார்லோவிட்ஸ் 1713-ல் வனவளர்ப்புக்கென ஒரு நூல் வெளியிட்டு, வளர்வதற்கு மேல் வெட்டாத, நீடிக்கும் பயன்பாடு வேண்டும் என்று வாதிட்டார். இன்று உலகெங்கும் புழங்கும் 'நீடித்த வளர்ச்சி' என்ற எண்ணத்துக்கு ஒரு வேர் இங்கே இருக்கிறது. உலை அணையக் கூடாதே என்ற கவலையில் பிறந்த எண்ணம் அது.

எதை நட்டார்கள்? ஸ்புரூஸ். ஹார்ட்ஸின் உச்சிப் பகுதியில் இந்த ஊசியிலை மரம் இயல்பாகவே உண்டு. கீழ்ச்சரிவுகளோ பீச் மரத்தின் இடம். ஆனால் மொட்டையாக வெட்டிய சரிவில் பீச் கன்றை உறைபனி கருக்கும், மாடு கடித்துவிடும். ஸ்புரூஸ் கன்று இரண்டையும் தாங்கும், நேராக வளரும், வேகமாக வளரும். குழிக்கு முட்டுக் கொடுக்க நேரான மரம்தான் வேண்டும். பாரம் தாங்காமல் உடைவதற்கு முன் முனகி எச்சரிக்கும் என்று தொழிலாளர்கள் அதை நம்பவும் செய்தார்கள். எனவே பீச் நின்ற இடமெல்லாம் ஒரே வயது ஸ்புரூஸ் வரிசைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இழப்பீடாக வெட்டிய சரிவுகளிலும் மறுபடி அதையே நட்டார்கள்.

கார்லோவிட்ஸை நான் மதிக்கிறேன். என்றாலும் மரக்கட்டையின் கணக்கு நீடிப்பதும் காடு நீடிப்பதும் ஒன்றாகிவிடாது. ஹார்ட்ஸ் அதை நன்றாகக் காட்டிவிட்டது.

மண்ணில் தங்கியது

உலோகத் தாது தோண்டிய கடைசிச் சுரங்கம் 1992-ல் மூடியது. மண்ணுக்கு அந்தத் தேதி தெரியாது. தாதுவை வறுத்த கந்தகப் புகையால் உலைகளைச் சுற்றி மரம் கருகியதை 1883-லேயே ஜெர்மன் ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். தாதுவை இடித்துக் கழுவிய நுண்மணல் ஓக்கர், இன்னர்ஸ்டே ஆறுகளில் இறங்கி, ஒவ்வொரு வெள்ளத்திலும் சமவெளியின் படுகைகளில் படிந்தது. அந்த மண்ணில் ஈயமும் காட்மியமும் இன்றும் உண்டு. கோஸ்லார் வட்டாரத்தில் தோட்டமோ மேய்ச்சலோ வைப்பவர்களுக்கு மாசு மண் குறித்த தனி விதிகளே இருக்கின்றன.

கசடு மேடுகளிலோ வேறொரு அதிசயம். பெரும்பாலான செடிகள் செத்துப்போகும் அந்த மண்ணைத் தாங்கும் சில சிறு செடிகள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கின்றன. அவ்வாறு உலோகம் நிறைந்த மண்ணில் உருவாகும் புல்வெளியைக் கனஉலோகப் புல்வெளி என்பார்கள். ஐரோப்பாவில் இது பாதுகாக்கப்பட்ட வாழிடம். கசடை முழுதும் அப்புறப்படுத்தினால் அந்தப் பூக்கள் போகும். விட்டுவைத்தால் உலோகம் கசியும். இந்த இக்கட்டுக்கு எளிய பதில் கிடையாது.

2018 ஜனவரியில் ஃபிரீடெரிக்கே புயல் ஹார்ட்ஸில் ஏராளமான ஸ்புரூஸ் மரங்களைச் சாய்த்தது. அதே ஆண்டிலிருந்து கடும் வறட்சி. தாகத்தில் பிசின் சுரக்க முடியாத மரங்களில் பட்டைவண்டு பெருகியது. ஒரே வயது, ஒரே இனம், வண்டுக்கு விருந்து. நட்ட காட்டின் பெரும்பகுதி சாம்பல் நிறக் குச்சிகளாக நின்றது. அந்தக் குச்சிகளுக்கு அடியில், வெட்டவெளி கிடைத்ததும் முதலில் வரும் பிர்ச் கன்றுகள் இப்போது எழுகின்றன. வனத்துறையினர் கீழ்ச்சரிவுகளில் பீச் கன்றுகளை மீண்டும் நடுகிறார்கள். அந்தப் பிர்ச்சின் மகரந்தம் ஓடர்டைக்கைச் சுற்றியுள்ள சதுப்புகளில், பாசியின் ஆக மேல் அடுக்கில், இந்த வசந்தத்திலும் விழும்.